வயிற்றுக்குள் ஓர் ஊர்

நவம்பர் 24

இந்த அறைக்கு ஜன்னல் இருக்கிறது, திறக்க முடியாது. கதவு இருக்கிறது, நான் திறக்கக் கூடாது. வைரஸ் காய்ச்சல், நெஞ்சில் சளி கட்டிவிட்டது, மற்றவர்களுக்குத் தொற்றும், ஆகவே தனி அறை. பாளையங்கோட்டையில் இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியைக் கட்டிவிட்டு என்னை ஒரு தீப்பெட்டிக்குள் போட்டிருக்கிறார்கள்.

கூட ஒரே ஒரு ஆள் இருக்கலாம். அந்த ஆள் யார் என்பதுதான் வேடிக்கை. என் மகன் குமரகுரு கப்பலில் இன்ஜினீயர்; லீவு முடிந்து போன மாதம்தான் போனான், இப்போது எந்தக் கடலில் இருக்கிறானோ. அண்ணன் மகன் சோமுவுக்குக் கடையை விட்டு வர முடியாதாம். மிஞ்சியது மருமகள் ஜெசிந்தா. உவரிக் கடற்கரைக்காரி; நாங்கள் சைவம். எனக்கும் அவளுக்கும் பேச்சு நின்று ஏழு வருடம் ஆகிறது. கீழ்வீட்டில் நான், மாடியில் அவள், இரண்டு அடுப்பு. என்ன சண்டை என்று எழுதினால் பக்கம் போதாது. சுருக்கமாகச் சொன்னால், மீன்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரையே பேச வைத்து ஓய்வு பெற்றவள் நான். என் வீட்டில் மட்டும் லைன் கட்.

நவம்பர் 26

பேசாமல் இருப்பதற்கு மூன்றாவது ஆள் ஒன்று வேண்டும். வீட்டில் பால்காரர் இருப்பார், வேலைக்காரி இருப்பாள், ஒன்றுமில்லாவிட்டால் பூனை இருக்கும். "மழை வருது, மாடியில துணி கிடக்குன்னு சொல்லு" என்று பூனையிடம் சொன்னால் அவளுக்குக் கேட்டுவிடும். இங்கே அதற்கும் வழியில்லை. இன்று தொண்டை வறண்டு உயிர் போயிற்று. நான் டிரிப்ஸ் கம்பியைப் பார்த்து, "தண்ணி வேணும்" என்றேன்.

அவளும் டிரிப்ஸ் கம்பியைப் பார்த்துத்தான் கேட்டாள். "சுடுதண்ணியா, ஆறினதா?"

"ஆறினது."

கொடுத்தாள். இசக்கி சிஸ்டர் மருந்து ஏற்ற வந்தவள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, அப்புறம் கம்பியைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நல்ல பெண்.

நவம்பர் 29

மூச்சு வாங்குகிறது. எழுத முடியவில்லை.

டிசம்பர் 2

காய்ச்சல் இறங்கியது. ஊசியாகக் குத்திக் குத்திக் கையில் இடமில்லை. நுரையீரலில் வேறு கிருமியும் சேர்ந்துகொண்டதாம், அதற்கு ஆன்டிபயாடிக். காலையில் எக்ஸ்ரே மெஷினை அறைக்குள்ளேயே தள்ளிக்கொண்டு வந்தார்கள். மெஷினைக் கண்டதும் ஜெசிந்தா விழுந்தடித்து வராந்தாவுக்கு ஓடினாள், பேயைக் கண்டவள் மாதிரி. எனக்கல்லவா எக்ஸ்ரே, இவளுக்கு என்ன வந்தது?

மத்தியானம் அவள் அம்மா மிக்கேலம்மாள் உவரியிலிருந்து பஸ் ஏறி வந்து டிபன் கேரியரைக் கீழே கொடுத்துவிட்டுப் போனாள். அந்த அம்மாளுக்கு ஆஸ்துமா, மேலே விடமாட்டார்கள். மீன்தான் என்று மூடியைத் திறக்காமலே எனக்குத் தெரிந்தது. ஜெசிந்தா வராந்தாவில் வைத்துத் திறந்தாள், மூடினாள், அப்படியே திருப்பி அனுப்பிவிட்டாள். என் முன்னால் தியாகம் காட்டுகிறாளாம். நானா கேட்டேன்?

டிசம்பர் 5

வயிறு போகிறது. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்த டைரியில் பொய் எழுதுவதில்லை. எண்ண முடியாத அளவுக்குப் போகிறது. எழுந்து போவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. அவள்தான் சுத்தம் செய்கிறாள். முடித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு வாந்தி எடுக்கிறாள். குழாய்ச் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைப்பு.

அருவருப்பு இருக்கத்தானே செய்யும். யாரைக் குறை சொல்ல? ஆனாலும் மனசு வலித்தது. நான் சுத்தத்தை விடாதவள். குளிக்காமல் அடுப்பைத் தொட்டதில்லை.

டிசம்பர் 7

வயிற்று டாக்டர் என்று புதிதாக ஒருவர் வந்தார். டாக்டர் ஹமீதா. என் மகன் வயதுதான் இருக்கும். பொறுமையாகச் சொன்னார்.

"அம்மா, நம்ம குடலுக்குள்ள கோடிக்கணக்கான கிருமிங்க இருக்கு. எல்லாம் கெட்டது இல்ல. ஒரு ஊரே இருக்குன்னு வச்சுக்கோங்க. நெஞ்சுச் சளிக்குக் கொடுத்த மருந்து உங்க உயிரைக் காப்பாத்துச்சு. ஆனா அந்த ஊரையும் சேத்து அழிச்சிட்டு. இப்ப காலி வீட்ல ஒரு கெட்ட கிருமி குடியேறியிருக்கு."

"அத அடிக்க இன்னொரு மருந்தா?"

"ஆமா. வேற வழியில்ல."

காய்ச்சல் இறங்கியும் என்னை ஏன் வெளியே விடவில்லை என்று கேட்டேன். மூக்கில் எடுத்த பரிசோதனையில் வைரஸ் இன்னும் இருக்கிறது, அதனால்தான் என்னை வெளியே விடாமல் வைத்திருக்கிறார்கள். குடலில் இருக்கும் நல்ல கிருமிகள்தான் உடம்பின் எதிர்ப்பு சக்தியை முடுக்கி வைத்திருக்குமாம், நெஞ்சில் இருக்கிற காவல் உட்பட. அவை போனதால் வைரஸைத் துரத்த உடம்பு தாமதம் செய்கிறதோ என்று சந்தேகம். "எலியில அப்படிப் பாத்திருக்காங்க. மனுசன்ல இன்னும் உறுதியாச் சொல்ல முடியல" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற டாக்டரை நான் இன்றுதான் பார்க்கிறேன்.

எனக்குப் புரிந்தது. எக்ஸ்சேஞ்சில் ஆள் இல்லை. தீப்பிடித்த வீட்டிலிருந்து போன் அடிக்கிறார்கள், தீயணைப்புக்கு லைன் போகவில்லை.

டிசம்பர் 11

வயிற்றுப்போக்கு நின்றது. முருகா.

ஜெசிந்தா பகலில் தூங்குகிறாள். உட்கார்ந்த இடத்தில், வாய் திறந்தபடி. முழித்தால் நாரத்தங்காய் ஊறுகாய். சோறு இல்லை, ஊறுகாய் மட்டும். காவலுக்கு வந்தவள் லட்சணம்.

டிசம்பர் 16

மறுபடியும் போகிறது. முன்பைவிட மோசம்.

டிசம்பர் 18

டாக்டர் ஹமீதா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மருந்து கொடுத்தால் நிற்கிறது, நிறுத்தினால் வருகிறது. ஆகவே அழிந்த ஊரில் மறுபடி ஆட்களைக் குடியேற்ற வேண்டும். ஆரோக்கியமான ஒருவருடைய மலத்தை எடுத்து, பரிசோதித்து, கரைத்து வடிகட்டி, குழாய் வழியாக என் குடலுக்குள் விடுவார்களாம். மலம் என்றதும் காது கேட்காத மாதிரி இருந்தேன். டாக்டர் இன்னும் சத்தமாகச் சொன்னார். வராந்தா வரைக்கும் கேட்டிருக்கும்.

"வேற யாருடையதும் வேண்டாம், எங்க சோமு இருக்கான்" என்றேன். "சுத்த சைவம். முட்டை கூட தொடமாட்டான்."

போனில் சோமுவை விசாரித்தார்கள். தும்மினால் ஒரு மாத்திரை, இருமினால் ஒரு மாத்திரை என்று மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குகிறவனாம், போன வாரம் கூட. அவனைச் சேர்க்க முடியாது. சைவம் சரி, வயிற்றில் ஆள்தான் இல்லை.

"உங்க மருமகளைக் கேக்கலாமே? மாத்திரையே எடுக்கிறதில்லன்னு சிஸ்டர்ட்ட சொல்லியிருக்காங்க" என்றார் டாக்டர்.

ஜெசிந்தா எழுந்து நின்றாள். டிரிப்ஸ் கம்பியைப் பார்த்து, "நான் தாரேன்" என்றாள்.

நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "வேண்டாம்" என்றேன். அவளிடம் டாக்டரைக் கேள்வி கேட்கவே விடவில்லை. அறுபத்து மூன்று வருடம் மீன் வாடை படாமல் வைத்திருந்த வயிறு. அவள் சட்டி என் அடுப்பில் ஏறக் கூடாது என்று வீட்டையே இரண்டாக்கியவள் நான். கடைசியில் என் குடலுக்குள்ளேயே அவளைக் குடிவைப்பதா? மாட்டேன்.

டிசம்பர் 20

மாட்டேன் என்று இன்றும் சொன்னேன். சத்தம் வரவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். வெளியே எங்கேயோ மார்கழிப் பாட்டு போடுகிறார்கள். ஜன்னல் திறக்காது, அதனால் பாதிதான் கேட்கிறது.

டிசம்பர் 21

சாகப் பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

டிசம்பர் 22

விடிந்ததும் டிரிப்ஸ் கம்பியிடம் சொன்னேன். "அவகிட்ட சரின்னு சொல்லு."

ஜெசிந்தா எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு கொஞ்ச நேரம் நின்றது. மறுபடி வாரினாள். முடி கொத்துக் கொத்தாக வருகிறது. எனக்குக் காட்டாமல் சுருட்டிச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொள்கிறாள்.

டிசம்பர் 23

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

டாக்டர் ஹமீதா ஜெசிந்தாவை என் கட்டில் பக்கத்திலேயே உட்கார வைத்துக் கேட்டார். சுகர் உண்டா? இல்லை. மஞ்சள் காமாலை வந்ததா? இல்லை. இந்த ஆறு மாதத்தில் ஆன்டிபயாடிக்? இல்லை. வெளியூர்ப் பயணம்? உவரிக்குப் போனதைத் தவிர இல்லை. எனக்கே பெருமையாக இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

"கடைசியா மாதவிலக்கு எப்ப?"

ஜெசிந்தா டிரிப்ஸ் கம்பியைப் பார்த்தாள். கம்பி என்ன சொல்லும்?

எக்ஸ்ரேவுக்கு ஓடியது, மீனைத் திருப்பி அனுப்பியது, குழாயைத் திறந்துவிட்டு வாந்தி, நாரத்தங்காய் எல்லாம் ஒன்றாக வந்து என் நெஞ்சில் உட்கார்ந்தது. ஒரு பிள்ளை பெற்றவள்தானே நான், கண் எங்கே போயிற்று?

"எத்தனை மாசம்?" என்றார் டாக்டர்.

"ரெண்டு தாண்டிட்டு."

"கர்ப்பமா இருக்கிறவங்க இந்தக் காய்ச்சல் ரூம்ல ஒரு மாசமா இருக்கீங்களா? யார்ட்டயாவது சொல்லியிருக்கலாமே!"

"ஏற்கனவே ரெண்டு தடவை போயிட்டு டாக்டர். மூணு மாசம் முடியாம வெளிய சொல்லக் கூடாதுன்னு அம்மா சொன்னாவ. இந்தத் தடவை மூச்சு விடாம இருப்போம்னு இருந்தேன். மாஸ்க் போட்டுக்கிட்டுதான இருக்கேன்."

ரெண்டு தடவை. என் தலைக்கு மேலே, அதே வீட்டில், இரண்டு பிள்ளை போயிருக்கிறது. எனக்குத் தெரியாது. பூனைக்குத் தெரிந்திருக்கலாம்.

கர்ப்பிணியிடம் மலம் எடுக்க மாட்டார்கள் என்றார் டாக்டர். அது கிடக்கட்டும், அவள் உடனே இந்த அறையை விட்டுப் போக வேண்டும். வைரஸ் இன்னும் என்னிடம் இருக்கிறது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது உடம்பு எதிர்ப்பு சக்தியைக் கொஞ்சம் தணித்து வைக்குமாம், உள்ளே வளருவதை வேற்றாளாக நினைத்துத் தாக்கிவிடாமல் இருக்க. அதனால் இந்தக் காய்ச்சல் வந்தால் அவளை மற்றவர்களைவிடப் பலமாகப் போட்டுவிடும். பிள்ளைக்கும் ஆபத்து.

டாக்டர் போன பிறகும் ஜெசிந்தா போகவில்லை. பெட்பேனைக் கழுவி வைத்தாள். துணியை மடித்தாள். "வேற ஆள் வரட்டும், போறேன்" என்று கம்பியிடம் சொன்னாள். வேறு ஆள் யார் இருக்கிறார்கள்?

"ஏட்டி" என்றேன்.

அவள் திரும்பி வாசலைப் பார்த்தாள், யாரோ வந்திருக்கிறார்கள் என்று.

"உன்னத்தான். வெளிய போ."

"அத்தை..."

"போட்டின்னா! எம் மூஞ்சில முழிக்காத. போ!"

அந்தச் சத்தம் எங்கிருந்து வந்ததோ. ஏழு வருடம் சேர்த்து வைத்த பேச்சில் முதலில் வந்தது இதுதான். பையை எடுத்துக்கொண்டு போனாள். அழுதாளா என்று மாஸ்க்கில் தெரியவில்லை. நான் துரத்தியதாகவே நினைத்திருப்பாள். துரத்தத்தான் செய்தேன்.

டிசம்பர் 24

இசக்கி சிஸ்டர் அவ்வப்போது வந்து பார்க்கிறாள். பாவம், அவளுக்கு இன்னும் எட்டு அறை. ஈரத்திலேயே கிடந்தேன்.

டிசம்பர் 26

ஜெசிந்தாவுக்குக் காய்ச்சல்.

டிசம்பர் 27

இதே வராந்தாவின் கடைசி அறையில் படுத்திருக்கிறாள். அதே வைரஸ். என்னிடமிருந்துதான், வேறு எங்கிருந்து? அவளுக்குத் துணைக்கு ஆள் இல்லை. மிக்கேலம்மாள் கீழே மருந்துக் கடை வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாளாம். ஆஸ்துமாவோடு மேலே விட மறுத்துவிட்டார்கள்.

எந்த இருமல் அவளுடையது என்று படுத்தபடியே கேட்கிறேன். கண்டுபிடித்துவிட்டேன். இருமி முடித்ததும் "மாதாவே" என்பாள்.

எனக்கு இந்தக் கதவை உடைக்க வேண்டும் போல இருக்கிறது. உடைத்து என்ன செய்ய, நாலடி நடந்தால் விழுவேன். ஏதாவது ஆகிவிட்டால் குமரகுருவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? அவன் கிடக்கட்டும். எனக்கே என்ன சொல்லிக்கொள்வேன்?

டிசம்பர் 30

டாக்டர் ஹமீதா வேறு ஊரில் கேட்டு வைத்திருந்த மலம், பரிசோதித்து உறைய வைத்தது, ஐஸ் பெட்டியில் வந்துவிட்டது. யாருடையது என்று அவருக்கே தெரியாதாம்.

"சைவமா என்னன்னு விசாரிக்கணுமா அம்மா?"

"சீக்கிரம் விடுங்க" என்றேன்.

ஜனவரி 3

குழாய் விட்டது நேற்று முன்தினம். இன்று ஒரே ஒரு தடவைதான் போயிற்று. ஊர் பேர் தெரியாத யாரோ ஒருவருடைய ஜனங்கள் எனக்குள் வீடு பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நல்லா இருக்கட்டும்.

ஜெசிந்தாவுக்கு ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்களாம். இசக்கி சிஸ்டர் சொல்ல மாட்டேன் சொல்ல மாட்டேன் என்றுவிட்டுச் சொன்னாள்.

ஜனவரி 7

மூக்குப் பரிசோதனையில் வைரஸ் இல்லை. இரண்டு முறை பார்த்தார்கள். குடல் ஆட்கள் வந்ததாலா, தானாகப் போனதா என்று கேட்டேன். "ரெண்டும் இருக்கலாம்" என்றார் டாக்டர். வீட்டுக்குப் போகலாமாம்.

சக்கர நாற்காலியில் வராந்தா வழியாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். கடைசி அறைக் கதவில் சின்னக் கண்ணாடி. நாற்காலி தாழ்வு, எனக்கு எட்டவில்லை.

ஜனவரி 8

வீடு. எல்லா ஜன்னலும் திறந்திருக்கிறது. காற்று வருகிறது, பூனை வருகிறது, சோமு வந்து ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டுப் போனான். மூச்சு முட்டுகிறது.

ஜனவரி 10

டாக்டர் ஹமீதாவுக்குப் போன் செய்தேன்.

"எனக்கு இந்தக் காய்ச்சல் வந்து போயிட்டுல்லா? திரும்பவும் வருமா?"

"அதே வகை இப்ப உடனே வர வாய்ப்பு குறைவு. உங்க உடம்பு அதை அடையாளம் வச்சிருக்கும்."

"அப்ப அவ ரூமுக்குள்ள போகக் கூடிய ஆளு எங்க குடும்பத்துல நான் ஒருத்திதான்."

"நிக்கவே தெம்பு இல்லையேம்மா உங்களுக்கு."

"உக்காந்துக்கிடுவேன்."

வயிறு நல்லபடியாக இருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்றார். மாஸ்க் கழற்றக் கூடாது. கையைச் சோப்புப் போட்டுத்தான் கழுவ வேண்டும். கைக்குத் தேய்க்கிற பாட்டில் மருந்து என் வயிற்றில் இருந்த கிருமியைக் கொல்லாதாம். அவ்வளவுதானே. கை கழுவ எனக்கா சொல்லித் தர வேண்டும்?

ஜனவரி 11

ஜெசிந்தா பாதியாகிவிட்டாள். மூக்கில் குழாய், கண் மட்டும் பெரிதாக. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"படு" என்றேன்.

"உங்களுக்கு முடியாதே அத்தை."

"உனக்கு மட்டும் முடிஞ்சுதாக்கும்."

ஏழு வருடம் பேசாதவர்கள் எதிலிருந்து ஆரம்பிப்பது? அவள் கால் ஜில்லென்று இருந்தது, தேய்த்துவிட்டேன். "அன்னைக்கு நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டனா, போன்னுட்டீய" என்று கேட்டாள். இத்தனை நாளும் இந்த அறையில் கிடந்து அதைத்தான் யோசித்திருக்கிறாள்.

"பைத்தியக்காரி, பிள்ளைக்குப் பயந்துல்லா விரட்டினேன்" என்றேன். சொல்லிவிட்டு நான்தான் அழுதேன். அவளுக்கு அழக் கூட மூச்சு போதவில்லை.

சாயந்தரம் பிரசவ டாக்டர் ஸ்கேன் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். காய்ச்சல் வந்த நாளிலிருந்து பிள்ளையை இன்னும் பார்க்கவில்லை. மூச்சைச் சரிசெய்வதே பாடாக இருந்திருக்கிறது. ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. டாக்டர் வயிற்றில் வைத்து அழுத்தி, அழுத்தி, நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. நான் கும்பிடாத சாமியையெல்லாம் கூப்பிட்டேன், அவள் மாதாவையும் சேர்த்து.

"துடிப்பு இருக்கு" என்றார் டாக்டர். "நல்லா இருக்கு. ஆனா இவங்க நெஞ்சு தெளியணும். இன்னும் கொஞ்ச நாள் கஷ்டம்தான், இப்பவே எதுவும் சொல்ல முடியாது."

அவர் போன பிறகு ஜெசிந்தா கேட்டாள். "இது நிக்குமா அத்தை?"

நிற்கும் என்று சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. "தெரியலட்டி" என்றேன். "நான் இங்கதான் இருக்கேன்."

அவள் தலையை ஆட்டினாள். கையை விடவில்லை.

இசக்கி சிஸ்டர் கதவில் நின்று, "ஆச்சி, இப்ப உள்ள இருந்துட்டீங்கன்னா அப்புறம் இஷ்டத்துக்கு வெளிய வர முடியாது. பேஷண்ட் டிஸ்சார்ஜ் ஆகிற வரைக்கும் ஒரே ஆள்தான். யோசிச்சுக்கோங்க" என்றாள்.

"யோசிச்சாச்சு" என்றேன். "கதவைச் சாத்திட்டுப் போம்மா. பிள்ளைக்குக் குளிருது."